காகிதக் கெண்டைகளும் டெக்சாஸ் காற்றும்

இர்விங்கில் நடந்து போகிறவனை யாரும் நம்புவதில்லை. தோளில் துணிப்பையோடு ஆறு வயதுப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரப் புல்லில் நடந்தால் கார்கள் வேகம் குறைகின்றன. நான் போன முதல் வாரத்திலேயே இரண்டு பேர் கண்ணாடியை இறக்கி, வண்டி நின்றுவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறோம் என்றேன். ஏதோ வியாதியின் பெயரைச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள்.

திருச்சி பாலக்கரையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்ன அச்சகம் என்னுடையது. சித்திரை முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கிற நேரத்தில் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. டெக்சாஸின் இர்விங்கில் இருக்கும் என் அக்கா மலருக்கு இரண்டாவது பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை இரத்தப்போக்கு ஆனதும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மறுமுறை ஆனதும் பிரசவம் வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது, அம்மாவால் அவரை விட்டு நகர முடியாது. வீட்டில் விசா கைவசம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

பிரபு அத்தான் ஆஸ்பத்திரி நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டே அலுவலக வேலையைப் பார்த்தார். அவர்கள் மகள் ஆதிரையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கல்யாணம் ஆகாதவன் நான். குழந்தைக்குத் தலை வாரத் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அந்த டெக்சாஸ் உச்சரிப்பில் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்குத் தலையாட்டுவேன். நான் புரியாமல் ஆட்டுகிறேன் என்பதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அதுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் கட்டில் ஓரத்தில் நின்று, அக்காவின் கையில் ஏறும் மருந்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து காகிதம் மடிப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பாள்.

காகித மடிப்பு அவளுக்கு நூலகத்தில் கிடைத்த பழக்கம். அந்த வசந்தகாலம் முழுக்கச் சில சனிக்கிழமைகளில் அங்கே குழந்தைகளுக்கு ஜப்பானியப் பண்டிகை வகுப்பு நடந்தது. மார்ச்சில் பெண் குழந்தைகளின் திருநாளுக்கு ராஜா ராணி பொம்மைகள், அடுத்து செர்ரிப் பூக்கள். அக்காவும் மகளும் சேர்ந்து மடித்த ராஜாவும் ராணியும் டிவி மேசையில் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை முடிந்ததும் பொம்மைகளை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது ஜப்பானியர் நம்பிக்கையாம். வீடியோ காலில் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். நம் வீட்டில் கொலுப் பொம்மையைக் கடைசி நாள் படுக்க வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்றாள். நான் ராணியை எடுக்கக் கை நீட்டியபோது ஆதிரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை லைட் ரயிலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். ஏரியும் கண்ணாடிக் கட்டடங்களும் போய்க் காலி நிலம் வந்தபிறகுதான் உறைத்தது. இறங்கிய நிறுத்தத்தில் எங்களைத் தவிர மனித வாடையே இல்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு மெக்சிகோ அம்மாள் சின்ன அடுப்பு வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சோள ரொட்டியில் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தாள். கூடவே கிண்ணத்தில் பச்சையாக ஒன்று இருந்தது. கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து நம் ஊர்க் கணக்கில் அள்ளிப் பூசிக்கொண்டேன். நாக்கு, காது, மண்டை எல்லாம் பற்றி எரிந்தன. கண்ணீர் கொட்ட நான் நின்றதைப் பார்த்து ஆதிரை சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்த அம்மாள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே பால் பாக்கெட் ஒன்றை நீட்டினாள்.

மறுநாள் மத்தியானம் ஊரெங்கும் சங்கு ஊதியது. பஞ்சாலைச் சங்கு மாதிரி ஏறி இறங்கும் அழுகை. ஈரத் தலையோடு படியிறங்கி ஓடினேன். மாடி வீட்டுச் சென்னைப் பெண்மணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, அது டொர்னேடோ சைரன், சுழற்காற்று வந்தால் ஊதுவது, மாசா மாசம் முதல் புதன்கிழமை டெஸ்ட் பண்ணுவார்கள் என்றார். நிஜமாக வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு யாரும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றார்.

சனிக்கிழமை காலையில் நானும் ஆதிரையும் நூலகத்துக்கு நடந்தோம். வசந்தகால வகுப்புகளில் அது கடைசி. எல்லா வகுப்புக்கும் கூட்டிப் போவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள், மிச்சமிருந்தது என் தலையில் விழுந்தது. காற்று துளிகூட இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் திருச்சியில் இருக்குமே, அந்தப் புழுக்கம். மேற்கே வானத்தின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. துலக்காத செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியதுபோல ஒரு பச்சை.

வகுப்பெடுத்தவர் பெயர் கெய்கோ. நாற்பது வயது இருக்கும். கணவரின் வேலை மாற்றத்தால் ஒசாகாவிலிருந்து இர்விங்குக்குப் பக்கத்து ஊரான பிளேனோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழந்தைகளுக்கு அவர் மிஸ் கெய்கோ. ஜப்பானில் மே மாதம் குழந்தைகள் தினத்துக்கு வீட்டு வாசலில் கம்பம் நட்டுத் துணிக் கெண்டைகளைக் கட்டுவார்கள் என்றார். கெண்டை ஆற்றை எதிர்த்து நீந்தும், பிள்ளைகளும் அப்படி வலுவாக வளரவேண்டும் என்று வேண்டுதல். பெரிய கறுப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, அதற்குக் கீழே பிள்ளைக்கு ஒன்றாகச் சின்ன மீன்கள்.

மடிப்பு எளிதுதான். சதுரக் காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, ஒரு முனையை வாலாகத் திருப்பி, மறுமுனையில் வட்டக் கண் ஒட்டினால் கெண்டை. வருஷம் முழுக்கப் பத்திரிகை மடிக்கிறவன் நான். இருந்தும் என் மீன் கோணிக்கொண்டது. ஆதிரை அதைப் பிரித்து, மூலையோடு மூலை சேர்த்து, நகத்தால் நீவித் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவை முடித்தாள். அம்மாவை முடித்தாள். நீலத்தில் தன்னை முடித்தாள். பிறகு மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, குட்டிப் பாப்பாவுக்கும் ஒன்று செய்யலாமா என்று கேட்டாள்.

பிறக்காத பிள்ளைக்கு நம் வீடுகளில் ஒரு முழத் துணிகூட எடுப்பதில்லை. தொட்டில், பொம்மை எதுவானாலும் பிள்ளை பிறந்த பிறகுதான். அதுவும் அக்கா இருந்த நிலையில் என் வாயிலிருந்து சரி என்ற சொல் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. அத்தான் அனுப்பியிருந்தார்: "திரும்ப ப்ளீடிங். நிக்கல. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க மாப்ள. ஆதிகிட்ட சொல்லாத."

அதை இரண்டு முறை படித்தேன்.

"அப்புறம் செய்யலாம்டா" என்றேன்.

ஏன் அப்புறம் என்றாள். அவள் என் முகத்தையும் கைப்பேசியையும் பார்த்தாள். மஞ்சள் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே போய் அத்தானுக்குப் பேசலாம் என்று எழுந்தபோதுதான் அறையில் இருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் அலறின. பின்னாலேயே சங்கு. புதன்கிழமை கேட்ட அதே சங்கு, ஆனால் இன்றைக்கு யாரும் வெளியே நிற்கவில்லை. நூலக ஊழியர் மார்கஸ், கதவு உயரம் இருக்கும் கறுப்பின இளைஞர், வாக்கிடாக்கியோடு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. சாமான்களை விட்டுவிட்டு என் பின்னால் வாருங்கள் என்றார். கழிவறைகளுக்கு நடுவே ஜன்னல் இல்லாத நடைவழி ஒன்று இருந்தது. பதினைந்து இருபது பேர் அதற்குள் அடைந்தோம், பாதிக்குமேல் குழந்தைகள்.

சுவரைப் பார்த்து முட்டிபோட்டு, தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொள்ள வேண்டும். மார்கஸ் செய்து காட்டினார். பெரியவர்கள் செய்தோம். குழந்தைகள் செய்யவில்லை. ஒரு சின்னப் பையன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீறிட்டான், அவனைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். கையைத் தலையில் வைத்தால் உடனே எடுத்துவிடுவார்கள். கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்கியிருந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம்.

கெய்கோ என் பக்கத்தில்தான் இருந்தார். உதடு வெளுத்திருந்தது. "எனக்கு நிலநடுக்கம் தெரியும். இது தெரியாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு மார்கஸிடம் ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கெய்கோ திரும்பவும் கேட்டார். மார்கஸ் ஓடிப்போய்ச் செய்தித்தாள் அடுக்கை அள்ளிக்கொண்டு வந்தார்.

தன் பள்ளியில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மெத்தை இருக்கும் என்று கெய்கோ குழந்தைகளுக்குச் சொன்னார். நிலம் ஆடினால் அந்த மெத்தையை விரித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொள்வார்களாம். இங்கே மெத்தை இல்லை, அதனால் வகுப்பில் கடைசியாகச் செய்ய வைத்திருந்ததை இப்போதே செய்வோம், போர்வீரர் தலைக்கவசம் என்றார். ஒரு முழுத் தாளைச் சதுரமாக்கி மிச்சத்தைக் கிழித்துப் போட்டார். குறுக்கே மடித்தால் முக்கோணம். இரண்டு பக்க மூலைகளையும் நுனிக்குக் கொண்டுவந்து மறுபடி மேலே தூக்கிக் கொம்பாக விரி. அடி விளிம்பை இரண்டு முறை மேலே மடி. பின்பக்கத்தை உள்ளே செருகு. மடித்துக்கொண்டே வகுப்பில் சொன்னதுபோலவே நிதானமாகச் சொன்னார். வீறிட்ட பையனின் தலையில் வைத்துவிட்டு, காற்று வந்து பிடுங்கப் பார்க்கும், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள் என்றார். அவன் பிடித்துக்கொண்டான். குனிந்தும் கொண்டான். அவன் கைகள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதை மார்கஸும் நானும் ஒரே நேரத்தில் கவனித்தோம். மார்கஸ் உடனே தரையில் உட்கார்ந்து அடுத்த தாளை மடிக்கத் தொடங்கினார்.

நானும் மடித்தேன். செய்தித்தாள் தொளதொளவென்று நிற்காத காகிதம், இரட்டைத் தாளாகப் போட்டால்தான் கொம்பு நிமிர்ந்தது. ஒன்றை முடித்து ஆதிரையிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மடியில் வைத்த கைகள் அசையவே இல்லை. பிறகு தமிழில் சொன்னாள்.

"அம்மா ரூம்ல பெரிய ஜன்னல் இருக்கு மாமா."

ஆமாம், ஆளுயர ஜன்னல் அது. அக்கா அதன் வழியாக ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அத்தான் சொல்லாதே என்றது ஞாபகம் இருந்தது. அவர் தகப்பன், நான் ஊரிலிருந்து வந்தவன். ஆனால் அந்த நடைவழியில் அவளோடு இருந்தவன் நான். இந்தக் குழந்தை இத்தனை நாளும் கேட்காமலே எல்லாவற்றையும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

"அம்மா இப்போ அந்த ரூம்ல இல்ல ஆதி. ஆபரேஷன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அங்க ஜன்னல் கிடையாது. பாப்பாவ வெளிய எடுக்கப் போறாங்க" என்றேன்.

"அம்மாவுக்கு ரத்தம் வருதா?"

"வருது. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டாள். என் கையிலிருந்த கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு தானே ஒன்று மடித்து என் தலையில் வைத்தாள். தரையில் கிடந்த துண்டுத் தாளை எடுத்து நீவினாள். இப்போதுதான் பாப்பா வரப்போகிறதே, இப்போது செய்யலாமில்லையா என்று இங்கிலீஷில் கேட்டாள். செய் என்றேன். கண் ஒட்ட வட்டம் இல்லாததால் நகத்தால் ஒரு பள்ளம் கீறினாள். விரல் நீள மீன் அது, உடம்பெல்லாம் எழுத்து.

விளக்கு அணைந்தது. மார்கஸின் டார்ச் வெளிச்சத்தில் தலைகளெல்லாம் செய்தித்தாள் கொம்புகளாகத் தெரிந்தன. காது அடைத்தது, விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல. கழிவறைக் கதவு தானாகத் திறந்து அறைந்தது. திறந்தது, அறைந்தது. டொர்னேடோ வந்தால் தூரத்தில் கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்கும் என்று ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நூறு அச்சு இயந்திரங்கள் தாறுமாறாக ஓடுகிற சத்தமாகத்தான் கேட்டது. ஆதிரையின் மேல் கவிழ்ந்துகொண்டேன். என் நெஞ்சுக்கடியில் அவள் முதுகு ஏறி இறங்கியது. சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் கெய்கோ அவர் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சத்தம் விலகியது. மழை மட்டும் பெய்தது.

வெளியே வந்தபோது நூலகம் நின்றுகொண்டிருந்தது. எதிர்ப்பக்க ஓக் மரங்களில் மூன்று வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு கடையின் தகரக் கூரை சாலை நடுவே சுருண்டு கிடந்தது. வாகன நிறுத்தத்தில் முழுக் கண்ணாடியோடு ஒரு கார்கூட இல்லை. அத்தானைக் கூப்பிட்டுப் பார்த்தேன், இணைப்பே இல்லை. ரயில் ஓடாது, ஆஸ்பத்திரி நடக்கும் தூரமும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மழையில் நின்றேன்.

கெய்கோவின் கைப்பேசிக்கு எப்படியோ ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தது, கணவரும் மகளும் நலம் என்று. அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்டார். பின் கண்ணாடி உடைந்த அவர் காரில், இருக்கையிலிருந்த சில்லுகளைத் தட்டிவிட்டு, மகளின் பழைய பூஸ்டர் சீட்டை டிக்கியிலிருந்து எடுத்துப் போட்டு ஆதிரையை உட்கார வைத்தார். சிக்னல்கள் செத்துக் கிடந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகள் நான்கு பக்கமும் நின்று, முறை வைத்து ஒவ்வொன்றாகப் போயின. திருச்சி பால்பண்ணை ரவுண்டானாவில் இப்படி ஒரு காட்சியை நான் சாகும்வரை பார்க்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஒழுங்கு என்னைக் கொன்றது. யாராவது ஹாரன் அடித்துக்கொண்டு புகுந்து போகமாட்டார்களா என்று இருந்தது.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளைக் கட்டிலோடு நடைவழிகளுக்கு இழுத்து வந்திருந்தார்கள். ஆபரேஷன் பகுதிக்கு வெளியே அத்தான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆதிரையிடம் கை நீட்டினார். ஆதிரை அவர் எதிரில் போய் நின்று, எனக்குத் தெரியும், பாப்பா வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"வந்துட்டான். தம்பிப் பாப்பா. ரொம்பக் குட்டியா இருக்கான், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க" என்றார் அவளிடம்.

"அம்மா?"

அவர் ஆபரேஷன் அறைக் கதவைக் கை காட்டினார். இரத்தம் நிற்கவில்லை, பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் மின்சாரம் வேறு ஒருமுறை போய் வந்தது என்று பிறகு என்னிடம் துண்டு துண்டாகச் சொன்னார். அக்காவைக் காணாமல் இத்தனை நேரம் தனியாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தேன், ஆதிரை மறுபக்கம். கெய்கோ போகவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அந்தக் கதவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. அதில் யாராவது தெரிந்தால் நாங்கள் நான்கு பேரும் நிமிர்வோம். பல முறை நிமிர்ந்தோம்.

கடைசியில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் டாக்டர் வந்தார். அத்தானும் நானும் எழுந்தோம். அவர் எங்களைத் தாண்டி ஆதிரையின் முன்னால் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தார். நீதான் ஆதியா என்றார். உன் அம்மா கண் விழித்துவிட்டார், இரத்தம் நின்றுவிட்டது என்றார். தண்ணீர் வேண்டும் என்கிறார், நாங்கள் இப்போதைக்குக் கொடுக்க முடியாது என்றோம், என்னிடம் ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்றார்.

அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆதிரையைக் கேட்டேன்.

"அம்மா கோவமா இருக்காங்களாம் மாமா" என்றாள், ஒவ்வொரு சொல்லாக, எனக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று.